பெயர் போடாத செய்தி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. நீ ஃபோனை எடுப்பதில்லை என்பதால்தான் எழுதுகிறேன். கோபமெல்லாம் இல்லை. எடுக்க முடியாத நாட்கள் உனக்கு உண்டு என்று உன்னைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் சித்தி சொன்னாள். கடிதம் என்றால் உனக்குத் தோன்றும்போது பிரித்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உன் விசாரணைக்கு யாரும் போகக் கூடாது என்று சொல்லியிருந்தாய். நான் போனேன். அம்மாவிடம் பல் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொன்னேன். அவள் நம்பவில்லை, சட்டையை மட்டும் இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

மருத்துவக் கவுன்சில் மூன்றாவது மாடியில் இருக்கிறது. நீளமான மேஜை, ஐந்து உறுப்பினர்கள், பார்வையாளர்களுக்கு இரண்டு வரிசை பிளாஸ்டிக் நாற்காலி. முப்பத்தோரு வருடம் கோர்ட் செய்தி எழுதியவன் நான், எப்போதும் முன்வரிசைதான். அன்று சுவரை ஒட்டி உட்கார்ந்தேன்.

நீ வராததால் உன் வக்கீல்தான் பேசினார், எதையும் பூசி மெழுகவில்லை. நீ மாத்திரையை நீயாகவே நிறுத்தியது, நான்கு நாள் தூக்கமில்லாமல் வார்டுக்குப் போனது, அந்தக் குழந்தைக்குப் பத்து மடங்கு மருந்து எழுதியது, கொடுப்பதற்கு முன் நர்ஸ் கவனித்துத் தடுத்தது, தெளிந்த பிறகு நீயே கவுன்சிலுக்கு எழுதிக் கொடுத்தது, எல்லாவற்றையும் சொன்னார். உன் பெயரை வெளியிட வேண்டாம், உன் சிகிச்சை அறிக்கையை எல்லார் முன்னாலும் படிக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டார்.

எதிர்த்துப் பேச எழுந்தவன் நம் நெட்டை. பத்து வருடம் என் பக்கத்து மேஜையில் இருந்தவன், உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவன். பத்திரிகை சார்பாக அவனை அனுப்பியிருந்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு சொல்லும் தீர்ப்பு நியாயமாகவே இருந்தாலும் ஜனங்கள் நம்ப மாட்டார்கள் என்றான். பெயரைச் சொல்லாவிட்டால் அந்த ஆஸ்பத்திரியின் எல்லா டாக்டர்கள் மேலும் சந்தேகம் விழும் என்றான். ஒவ்வொரு வார்த்தையும் நான் ஒரு காலத்தில் பேசியது.

இடைவேளையில் என் பக்கத்தில் வந்து நின்றான். “அண்ணே, என் எடத்துல நீங்க இருந்தா நீங்களும் இதைத்தானே கேட்டிருப்பீங்க” என்றான். ஆமாம் என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. பிறகு இருவரும் டீ குடித்தோம்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று உண்டு. நீ நாலாவது படிக்கும்போது ஒரு நர்ஸின் வழக்கை எழுதினேன். மனநல சிகிச்சையில் இருந்தவர். பெயர், தெரு, சாப்பிடும் மாத்திரை வரைக்கும் போட்டேன். சட்டப்படி தப்பில்லை. ஒரே மாதத்தில் அவர் வீட்டைக் காலி செய்துகொண்டு எங்கோ போய்விட்டார். என் வேலையை நான் சரியாகச் செய்தேன் என்றுதான் அன்று நினைத்தேன். அந்த மாத்திரையின் பெயர் யாருக்குத் தேவைப்பட்டது என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன்.

மதியம் குழந்தையின் அம்மாவைப் பேசச் சொன்னார்கள். தையல் கடையில் வேலை செய்பவராம், அரை நாள் லீவு போட்டு வந்திருந்தார். “டாக்டரம்மா யாருன்னு எனக்குத் தெரியும். அவங்களுக்கு என்ன வியாதின்னு ஊருக்கெல்லாம் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது? என்ன நடந்துச்சுங்கிறதை மறைக்காதீங்க. இன்னொரு பிள்ளைக்கு நடக்காம பார்த்துக்கங்க” என்றார். குழந்தை நன்றாக இருக்கிறதாம். நடக்க ஆரம்பித்துவிட்டதாம். இதை உனக்குச் சொல்வதற்காகவே இந்தக் கடிதம் என்று வைத்துக்கொள்.

பிறகு உன் அறிக்கையை எடுத்தார்கள். பார்வையாளர்களை வெளியே போகச் சொன்னார்கள். இப்படிச் சொன்னபோதெல்லாம் நான் எத்தனை நீதிபதிகளிடம் சண்டை போட்டிருப்பேன். அன்று முதல் ஆளாக எழுந்து வெளியே வந்துவிட்டேன். கதவுக்குப் பக்கத்தில்கூட நிற்கவில்லை, படிக்கட்டுக்குப் போய்விட்டேன்.

தீர்ப்பு வக்கீல் மூலம் வந்திருக்கும். நடந்தது முழுவதும் வெளியாகும். உன் பெயரும் நோய் விவரமும் வராது. உன் டாக்டர் சம்மதித்தால் இன்னொருவர் மேற்பார்வையில் நீ வேலை பார்க்கலாம். ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்களாம். நெட்டை பெயர் போடாமல் எழுதியிருக்கிறான், சுருக்கமாக, நேர்மையாக. அது முழுக்க சரிதானா என்று இந்தப் பழைய நிருபனைக் கேட்டால் தெரியவில்லை என்பான். உன் அப்பாவுக்கு அன்று ராத்திரி தூக்கம் வந்தது.

மாத்திரையை விட்டுவிடாதே. ஞாயிறு காலை ரயிலில் நானும் அம்மாவும் வருகிறோம். அந்த அறிக்கையில் என்ன இருந்தது என்று கேட்க மாட்டோம். நீ அறையை விட்டு வராவிட்டாலும் பரவாயில்லை. சித்தி வீட்டுக் கூடத்தில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்போம். நாங்கள் பேசுவது உன் காதில் விழுந்தால் போதும்.

என்றும் உன்,
அப்பா