சிவப்புப் பட்டனும் சுப்பையா அண்ணாச்சியும்

நான் எந்தக் கட்டையில் கத்தினாலும் ஆர்மோனியத்தோடு கூடவே வந்த என் சுப்பையா அண்ணாச்சிக்கு,

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நாற்பத்தாறு வயதில், கோமாளிக் குல்லாவோடு, ஒரு டேப் ரிக்கார்டரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அதில் உங்களை அழித்தும்விட்டேன்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு நாடக ஏஜெண்ட் வேறு ஆர்மோனியக்காரரைத் தேடவே இல்லை. படுக்கையில் விழுமுன் ஒரு மதியம் வாசித்துக் கொடுத்தீர்களே, அந்தக் கேசட்டை டேப் பெட்டியில் போட்டு, உங்கள் முக்காலியிலேயே வைத்துவிட்டார். அது வெற்றிலை கேட்பதில்லை. மதினியோடு சண்டை போட்டுவிட்டுத் தாமதமாக வருவதில்லை. அதோடு வேலை போன மிருதங்கக்காரர் இப்போது திருவேங்கடத்தில் பருத்தி நிறுக்கிறார்.

நான் வசனம் மறந்தால் நீங்கள் ஒரு ராகத்தை இழுத்து முட்டுக் கொடுப்பீர்கள். பெட்டி காத்திருக்காது. வாசுதேவநல்லூர்க் கோயில் கொடையில் ராணி அழுது முடிக்குமுன் கல்யாணப் பாட்டு தொடங்கிவிட்டது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. கோமாளி இல்லாமலே சிரிப்பு! பெட்டி ஊமையானால் ஆளைக் கூப்பிடுவார்கள் என்று நினைத்ததுண்டு, நினைத்ததோடு சரி.

போன வெள்ளிக்கிழமை பகலில், சங்கரன்கோவிலில் நம் அறையில் ஒத்திகை. ஆர்மோனியத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தானே வேஷக்காரன் உள்ளே வருவான்? பழக்கத்தில் கை பெட்டிக்குப் போனது. பதிவு செய்யும் சிவப்புப் பட்டன் அமுங்கிவிட்டது. என் காட்சிக்குப் பாட்டு இல்லாததால் யாரும் கவனிக்கவில்லை. அப்புறம் போட்டுப் பார்த்தால் நீங்கள் இல்லை. நான்தான் உளறிக்கொண்டிருந்தேன்.

ஏஜெண்ட் அடிப்பார் என்று நின்றேன். அவர் காதைச் சாய்த்துக் கேட்டுச் சிரித்தார்.

"வே மாடசாமி, நல்லாத்தான விழுந்திருக்கு! அடுத்த கொடைக்கு நீரு வாயை மட்டும் அசைச்சாப் போதும்."

"அண்ணாச்சி வாசிச்சது போச்சே!"

"போனாப் போவுது. பாட்டுக் கேசட்டு கடையில கெடக்குவே." பிறகு மேக்கப்காரரிடம் மெதுவாகச் சொன்னார்: "வாயை யாரு வேணாலும் அசைக்கலாம்லா?"

இன்று காலை என் குல்லாவை வேறொருவர் தலையில் வைத்து அளவு பார்த்தார்கள். சரியாக இருந்தது. பெட்டிக்குள்ளே நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். வெளியே நின்று நானே கேட்கிறேன். அன்று மதியம் வாசித்து முடித்து எழுந்தபோது உங்களுக்கும் இப்படித்தான் இருந்ததா, அண்ணாச்சி?

உங்கள் ஆர்மோனியம் மதினியிடம் இருக்கிறது. வெள்ளிதோறும் போய்த் தொட்டுக் கும்பிடுவேன். எனக்கு வாசிக்கத் தெரியாது. துருத்தியை மட்டும் இழுத்துவிடுவேன். மூச்சாவது விடட்டும்.

கூடப் பிறக்காத உங்கள் தம்பி,
பபூன் மாடசாமி

பி.கு.: அந்தப் பெட்டியில் சிவப்புப் பட்டன் தனியாக அமுங்காது. பக்கத்துப் பட்டனையும் சேர்த்து அழுத்த வேண்டும்.