சம்பந்தி அம்மாளின் தாடை

மார்ச் 4

அன்புள்ள மகனுக்கு,

அம்மாவின் ஆசிகள். போன கடிதத்தைக் கணினியில் அடித்து அனுப்பியிருந்தாய். ஏதோ அலுவலக நோட்டீஸ் என்று நினைத்துப் பிரித்தேன். இனிக் கையால் எழுது.

உன் மாமியாரின் தாடைக் கட்டியைப் பற்றி இரண்டு பக்கம். புற்று இல்லை, ஆனால் எலும்பைத் தின்றுகொண்டே போகும், பத்து லட்சத்தில் ஒருவருக்குத்தான் வரும் என்கிறாய். அந்த அம்மாளுக்கு எதுதான் சாதாரணமாக வந்திருக்கிறது? நீயே ஒன்பது மணி நேரம் நின்று, தாடையை அறுத்தெடுத்து, காலிலிருந்து எலும்பெடுத்து அங்கே வைத்துக் கட்டினாயாம். நல்லது.

என் கீழ்ப்பல் ஈற்றில் ஊதா நிறத்தில் ஒரு கட்டி. போன மாதம் ஆறு மில்லிமீட்டர், இப்போது பதினொன்று. அளவுகோல் வைத்து அளந்தேன். எக்ஸ்ரே அனுப்பினால், "என் நண்பனிடம் காட்டுங்கள்" என்று கடைசியில் ஒரு வரி. அவளுக்கு ஒன்பது மணி நேரம், எனக்கு ஒரு வரி!

நீ வெட்டுவதானால் வாயைத் திறப்பேன். இல்லையென்றால் கட்டி அது பாட்டுக்குக் கிடக்கட்டும்.

உன்னைப் பெற்றவள்


மார்ச் 11

அன்புள்ள அம்மா,

கையால்தான் எழுதுகிறேன்.

பெரும்பாலும் ஆபத்தில்லாத கட்டிதான். எடுத்துச் சோதித்தால்தான் உறுதியாகும். எலும்பு வரை சுரண்ட வேண்டும். மிச்சம் வைத்தால் திரும்ப வரும். தள்ளிப்போடாதீர்கள்.

அத்தையை வெட்டும்போது என் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு தாடை, அவ்வளவுதான். உங்கள் எக்ஸ்ரேயை வெளிச்சப் பெட்டியில் மாட்டினேன். என்னைச் சுமந்தபோது ஒரு பல் ஆடி விழுந்தது என்பீர்களே, அதன் காலி இடம் தெரிந்தது. கை நடுங்கிவிட்டது அம்மா.

"யாரோட எக்ஸ்ரே டாக்டர், இப்படி வேர்க்குது?" என்றார் நர்ஸ்.

"எங்க அம்மாவோடது."

"அப்ப நீங்க கத்தியத் தொடாதீங்க."

நண்பன் செய்யட்டும். நான் கதவுக்கு வெளியே நிற்கிறேன்.

உங்கள் மகன்


மார்ச் 17

அன்புள்ள மகனுக்கு,

கடிதம் கிடைத்தது. எக்ஸ்ரேயைப் பற்றிய இடத்தில் எழுத்தெல்லாம் கோணிக் கிடக்கிறது. நான் படித்த கான்வென்டில் எங்கள் சிஸ்டர் பார்த்திருந்தால் விரல் முட்டியில் அடி விழுந்திருக்கும். கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்திருக்கிறேன்.

செவ்வாய் காலை எட்டு மணிக்கு உன் நண்பனிடம் வருகிறேன். நீ வெளியேதான் நிற்க வேண்டும். எட்டிப் பார்க்கக் கூடாது. உன் மாமியாரையும் அழைத்து வா. வாயில் தையலோடு எப்படிச் சாப்பிடுவது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

வரும் வழியில், உன் கை நடுங்கியதைச் சம்பந்தி அம்மாளிடம் சொல்லிவிடு. நான் சொல்லச் சொன்னதாகச் சொல்லாதே.

அம்மா