பெரிய மாமாவின் தேன்

ஜூன் 12, 2023
பெரிய மாமாவின் சட்டை முதுகில் 'தள்ளுபடி கிடையாது' சீட்டை ஒட்டிவிட்டேன். ஆண்டர்சன்பேட்டையே அவர் மளிகைக் கடைக்கு வந்து சிரித்துவிட்டுப் போனது. அக்காவின் மாமனார்தான். ஆனால் அம்மா போனபிறகு எனக்கும் இந்த வீட்டில்தான் சோறு.
"இன்னாடி கொழுப்பு இது!" என்று கத்திவிட்டு, ஒரு புட்டி மலைத்தேனைக் கல்லாவுக்குப் பின்னால் அலமாரியில் பூட்டினார். அக்காவுக்கு மூன்றாம் மாதம். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் சொட்டு வைப்பவர் குணம்தான் அதற்கு வருமாம்.
"நான்தான் வெப்பேன். இவ கை பட்டா குடும்பம் தாங்காது."

ஜூன் 20
அரசு ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ரத்தப் பரிசோதனை. அக்காவை மறுபடி கூப்பிட்டார்கள். பிறகு அவள் கணவர் ஹேமந்த் மாமாவையும். இரண்டு பேருக்கும் எச்.ஐ.வி. யாரிடமிருந்து யாருக்கு என்று அக்கா கேட்கவில்லை.
எனக்கு ஒரு ஜோக்கும் வரல. அக்கா செத்துடுவாளா? பாப்பா?

ஜூன் 23
ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் பியூலா மேடத்திடம் நானும் போனேன். "தினம் மாத்திரை, விடாம. கிருமி அடங்கிடும், கொழந்தைக்குப் போற வாய்ப்பு ரொம்பக் கம்மி. தாராளமா அம்மா ஆகலாம்மா."
"பால்?" என்றாள் அக்கா.
"குடுக்கலாம். ஆனா ஆறு மாசம் தாய்ப்பாலும் நாங்க தர்ற மருந்தும் மட்டும்தான். தண்ணி, சர்க்கரை, தேன் எதுவும் கலக்கக் கூடாது. குடல் புண்ணானா கிருமிக்கு வழி."
நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தேன்!

ஆகஸ்ட் 3
இலக்கணத்தில் மாத்திரை என்றால் கண் இமைக்கும் நேரம். அக்காவின் மாத்திரைக்கு ஆயுசு முழுக்க.

அக்டோபர் 15
பிரசவத்துக்குப் பதிவு செய்யப் போன ஒரு தனியார் நர்சிங் ஹோமில் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் "பெட் இல்ல" என்றார்கள். காலிக் கட்டிலில் பூனை படுத்திருந்தது. அரசு ஆஸ்பத்திரிக்கே திரும்பினோம்.

நவம்பர் 8
பெரிய மாமாவிடம் சொல்லிவிடலாம் என்றேன். "பேரப்புள்ளையத் தூக்கவே மாட்டாரு, ஸ்வாதி" என்று அழுதாள் அக்கா.
தேன் வேண்டாம்னு டாக்டர் சொல்றாங்க என்று மட்டும் சொல்லிப் பார்த்தேன். "ஹேமந்த்துக்கு நான்தான் வெச்சேன். செத்தா பூட்டான்?"
— எப்படித் தடுப்பேன்?

டிசம்பர் 27
பெண்!
கிருமி தொற்றாமலிருக்க சிரப் கொண்டுவந்த நர்ஸ், "வீட்ல நீதான குடுக்கணும், பழகிக்கோ" என்று என் கையில் தந்தார். பாப்பா வாயில் விட்டேன்; நாக்கை நீட்டி ருசி பார்த்தாள் கள்ளி.
சற்று நேரத்தில் பெரிய மாமா பட்டு வேட்டியில், தேன் புட்டியோடு. கட்டிலை மறித்து நின்றேன்.
"லேட்டு, மாமா. நான் வெச்சுட்டேன்."
"இன்னா வெச்ச?"
"இனிப்பா ஒண்ணு."
"குடியக் கெடுத்தியேடி!" வார்டே திரும்பியது. முதல் சொட்டு போனபிறகு இரண்டாம் சொட்டுக்கு என்ன மதிப்பு? புட்டியை இடுக்கிக்கொண்டு போய்விட்டார். அந்த முதுகில் ஒட்ட என்னிடம் எந்தச் சீட்டும் இல்லை.

ஜனவரி 10, 2024
பெரிய மாமா இன்னும் என்னோடு பேசுவதில்லை. என் தட்டில் சோறு இருக்கிறதா என்று மட்டும் ஓரக்கண்ணால் பார்க்கிறார்.

பிப்ரவரி 9
பாப்பா இந்துவின் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். அவளைவிட நான்தான் அதிகம் கத்தினேன்.

மார்ச் 4
இல்ல! பாப்பாவுக்கு இல்ல! ஒன்றரை வயதில் இன்னொரு முறை பார்த்தால்தான் முடிவு. ஆனாலும் இல்ல!
பெரிய மாமாவுக்கு என்மேல் இருக்கும் கோபத்தைப் பொறுக்காமல் அக்கா இன்று அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் கடை ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

மார்ச் 5
காலையில் இந்து அழுதாள். ஓடிப்போய்த் தூக்கியது அவர்தான்.

ஜூன் 30, 2025
கடைசிப் பரிசோதனையிலும் இல்லை. அக்கா அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு, வழக்கம்போல மாத்திரையைப் போட்டுக்கொண்டாள்.
கடைக்குப் போனோம். பெரிய மாமா அலமாரியைத் திறந்து அந்தப் புட்டியை எடுத்தார். மூடியைக்கூட இன்னும் திறக்கவில்லை.
"பியூலா மேடத்தக் கேட்டுட்டேன். இப்போ குடுக்கலாமாம்."
"வைங்க, மாமா" என்றேன்.
அவர் குனிந்து பார்த்தார். கீழே இந்து, பிஸ்கட் பாக்கெட்டிலிருந்து உரித்த விலைச் சீட்டை அவர் வேட்டியில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.
புட்டியை என் பக்கம் நீட்டினார்.
"இன்னும் இன்னா கெடப்போவுது. நீயே வெய்யி."