முன்பக்கத்துப் படம்

றக்வான,
செவ்வாய்க்கிழமை

என் மகளுக்கு,

போனில் சொன்னால் நீ சிரித்துவிட்டு மறக்கச் சொல்வாய். அதனால் எழுதி, உன்னை அழைத்துவர விமான நிலையம் வரும் மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

தெற்காசியப் போட்டியில் மகளிர் ஒற்றையர் டென்னிஸில் நீ வெள்ளி வென்ற மறுநாள், பத்திரிகைக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். உன் ஆட்டப் படங்களை மேசையில் பரப்பினேன். அவர் அவற்றைப் பார்க்கவேயில்லை. பக்கத்து வீட்டுப் புஷ்பத்தின் தேயிலைக் கொழுந்துக் கூடையை வாங்கி வந்தார்.

“இத மாட்டிக்கிட்டு நில்லுங்க டீச்சர்.”

“நான் கணக்கு டீச்சருங்க. கொழுந்து பறிச்சதே இல்ல.”

“அது யாருக்குங்க தெரியப் போவுது? அப்பதான் மக படம் முன்பக்கத்துல வரும்.”

மாட்டினேன். “கயிற இப்புடியா டீச்சர் போடுவாங்க?” என்று புஷ்பம்தான் சிரித்தபடி சரிசெய்தாள்.

இன்று பத்திரிகை வந்தது. முன்பக்கத்தில் கூடையோடு நான். ‘கொழுந்து பறிக்கும் தாயின் மகள்’ என்று கொட்டை எழுத்து. உன் படமும் இல்லை, பெயரும் இல்லை.

கொழுந்து பறிப்பது கேவலமில்லை. என் அம்மா பறித்துத்தான் நான் பட்டம் பெற்றேன். பத்திரிகைக்காரர் கேட்ட பொய்க்கு நான் நின்றேனே, அதுதான் ஆறவில்லை.

விமான நிலையத்துக்கும் பத்திரிகைக்காரர்கள் வருவார்கள். யார் கூடையை நீட்டினாலும், கையிலிருக்கும் மட்டையைக் கீழே வைக்காதே.

உன் அம்மா,
கணக்கு டீச்சர்