பூண்டு வாங்காத வீடு

நண்பனே,

நேற்று என் பேத்தி ஒரு பிளாஸ்டிக் பையைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். உள்ளே காய்ந்த பெரணி. தண்டின் இரண்டு பக்கமும் சீப்புப் பல் மாதிரி நீள நீளமாக இலை. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. ரந்தாவுக்குப் போகும் நம் ரப்பர் தோட்டத்துச் சாலையோரம், நீ மருந்தடித்துவிட்டுப் போன சரிவில், லாலான் புல்லெல்லாம் வைக்கோலாகப் படுத்துக் கிடக்க இது மட்டும் பச்சையாக நிற்குமே, அதேதான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தேன். அதேதான்.

பேத்தி பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். பழைய ஈயச் சுரங்க மண்ணில் எந்தச் செடி சாகாமல் நிற்கிறது, எப்படி நிற்கிறது என்பதுதான் அவள் வேலை. செடி படித்தவர்களும் டாக்டர்களும் இஞ்சினியர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசுகிறார்களாம். இந்தச் செடியை நட்டு மண்ணைச் சுத்தம் பண்ண முடியுமா என்பது இஞ்சினியர் கவலை. அந்தத் தண்ணீரைக் குடித்த மனுஷனுக்கு என்ன ஆகும் என்பது டாக்டர் கவலை. நான் டிரசராகக் கட்டுப்போட்டு மருந்து கொடுத்த நம் தோட்டத்தில் இதற்கெல்லாம் சேர்த்து என் மருந்தறை அலமாரியில் ஒரே ஒரு தடிப் புத்தகம் இருந்தது. அதையும் நான் சீக்கிரம் பிரிக்கவில்லை.

காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில் நம் லய வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். காலையில் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகிறவர்களை கேட்டில் தடவிப் பார்ப்பார்கள். ஒரு பிடி சோறுகூட வெளியே போகக்கூடாது, காட்டில் இருப்பவர்களுக்குப் போய்விடுமாம். சாலையோரப் புதரில் ஆள் பதுங்காமல் இருக்க, புல்லைத் தலையெடுக்க விடக்கூடாது. அதற்குத்தான் புல்லு மருந்து. அதற்குத்தான் நீ, மருந்தடிக்கிற கேங்கை வேலை வாங்கும் மண்டோர்.

பீப்பாயில் மருந்தைக் கலக்க உனக்கு ஒரு கட்டை கொடுத்திருந்தார்கள். நீ அதைச் சாய்த்து வைத்துவிட்டு முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துழாவுவாய். "அடியில கட்டி நிக்கிறது கைக்குத்தான் தெரியும் டிரசரே, கட்டைக்கு என்ன தெரியும்?" உன் ஆட்களும் அதையே செய்தார்கள். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நம் எல்லோருக்கும் நினைப்பு. நானும் பார்த்தேன். சோப்புப் போட்டுக் கழுவு என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போனேன்.

மத்தியானத்தில் மருந்தறை முன்னால் கேரம் ஆடுவோம். எதிரில் உட்கார்ந்து நீ வாயைத் திறந்தால் பூண்டு வாடை தூக்கி அடிக்கும். மாமியார் வீட்டிலிருந்து பூண்டு மூட்டை வந்திருக்கிறதா, தனியாக உட்கார்ந்து தின்கிறாயா என்று கேலி பண்ணுவேன். ஒருமுறை கேட்டில் நின்ற காவல்காரன் ஊறுகாய் கடத்துகிறாய் என்று உன் பையைத் தலைகீழாகக் கொட்டினான். உள்ளே இருந்தது புகையிலை. அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தோம். நீ உட்காரும் பலகையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, வாடை என்மேல் அடிக்காமல் முகத்தையும் ஒருபக்கமாகத் திருப்பி வைத்து ஆடினாய்.

உள்ளங்கை காய்த்தது. நான் பிளேடால் சீவிக் களிம்பு தடவினேன். மருந்து வேலை புதிது, போகப்போக உடம்பு பழகிவிடும் என்றேன். நீ மறுநாளே அந்தச் சரிவிலிருந்து ஒரு பெரணியைப் பிடுங்கி வந்து என் மேசையில் போட்டாய். "இது பழகிக்கிச்சு பாருங்க டிரசரே. நானும் பழகிக்குவேன்."

அப்புறம் கால். செருப்பு எங்கோ கழன்று விழுந்தது தெரியாமல் நீ ஒற்றைச் செருப்போடு வந்து நின்றாய். அந்த வாரம்தான் உன் சம்சாரம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வந்தது. மருந்து கொடுக்கும்போது விளையாட்டாகச் சொன்னேன், புருஷனுக்குப் பூண்டைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லி. அது என்னை விசித்திரமாகப் பார்த்தது. "பூண்டுங்களா? எங்க வூட்டுல பூண்டு வாங்கி மாசக்கணக்காச்சுங்க."

அது போனபிறகு புத்தகத்தைப் பிரித்தேன். மூச்சில் பூண்டு வாடை, கை கால் தோல் தடிப்பு, பாதம் மரத்துப்போவது. எல்லாம் ஒரே பக்கத்தில், ஆர்சனிக் என்ற தலைப்பின் கீழே இருந்தது. பீப்பாய் மேல் ஒட்டியிருந்த தாளிலும் அதே பேர்.

மறுநாள் பெரட்டு முடிந்து நீ வந்தாய். பாலுக்கு மரம் வெட்டுகிற வேலைக்கு மாற்றிக்கொள்ள ஒரு சீட்டு வேண்டும் என்றாய். உடனே எழுதினேன். இந்த ஆள் மருந்தடிக்கத் தகுதியில்லை, வேறு வேலை கொடுக்க வேண்டும். கையெழுத்தும் போட்டேன். மை காயவில்லை, தோட்டத்துத் துரை உள்ளே வந்தார்.

அவர் சத்தம் போடவில்லை. ஒருவனுக்குச் சீட்டுக் கொடுத்தால் நாளைக்குக் கேங்கே சீட்டுக் கேட்கும், சாலையில் புதர் மண்டினால் அது யாருக்கு வசதி என்று மட்டும் கேட்டார். பக்கத்துத் தோட்டத்து டிரசரை, மருந்து காட்டுக்குப் போகிறது என்று அப்போதுதான் பிடித்துப் போயிருந்தார்கள். என் மருந்துப் புட்டிகளையும் வந்து எண்ணிப் பார்த்திருந்தார்கள். நான் பயந்துவிட்டேன். வேறு காரணம் எதுவும் கிடையாது. எழுதிய சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இன்னொரு தாளில் வேலைக்குத் தகுதி என்று எழுதிக் கொடுத்தேன். நீ மேசைக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாய். தாளை வாங்கிக்கொண்டு, "சரிங்க ஐயா" என்றாய்.

துரை நிற்கிறார், அதனால்தான் ஐயா என்கிறாய் என்று நினைத்தேன். மத்தியானம் குழாயடியில் பார்த்தபோதும் ஐயா என்றுதான் கூப்பிட்டாய். அதன்பிறகு ஒருநாளும் டிரசரே என்று கூப்பிடவில்லை. கேரம் ஆடவும் வரவில்லை.

மழைக்காலத்தில் உன்னை லாரியில் ஏற்றி சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அதே லாரியில் உன்னைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். கேட்டில் உன் முகத்தை மூடியிருந்த துணியை விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, பிறகும் வரவில்லை. உன் காலில் ஊசியால் குத்திப் பார்ப்பேனே, தெரியவில்லை தெரியவில்லை என்பாயே, அந்த மாதிரித்தான் இருந்தது. செனாவாங்கில் வீடு வாங்கி, பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்து, இத்தனை வருஷமும் அப்படியே போய்விட்டது.

பேத்தி குளித்துவிட்டு வந்ததும் கேட்டேன், இந்தச் செடி விஷத்துக்குப் பழகிக்கொண்டதுதானே என்று. அவள் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்: "பழகிக்கிட்டு சும்மா நிக்கல தாத்தா. மண்ணுல இருக்கிற ஆர்சனிக்க வேருல உறிஞ்சி, அவ்வளவையும் இலையில கொண்டுபோய்ப் பூட்டி வச்சுக்குது. பாக்கத்தான் பச்சை. ஆடு தின்னா செத்துரும் லா."

நான் எழுந்து போய் என் பழைய தகரப்பெட்டியைத் திறந்து அந்தச் சீட்டை எடுத்து வந்தேன். மடிப்பெல்லாம் பழுப்பேறி இற்றுப்போயிருந்தது. மங்கிப்போன என் இங்கிலீஷ் கையெழுத்தை அவள் கூட்டிப் படித்தாள். யாருக்கு எழுதியது, ஏன் இன்னும் உங்களிடம் இருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன். உன்னைப் பற்றி நான் வாய்திறந்து பேசியது அதுதான் முதல் தடவை.

அவள் சீட்டை இன்னொரு தரம் படித்தாள். பிறகு, "இப்படி ஒரு சீட்டு எழுதினது அவருக்குத் தெரியுமா தாத்தா?" என்றாள்.

தெரியும், எதிரிலேயேதான் நின்றான் என்றேன்.

அவள் அதைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, என் சட்டைப் பையில் வைத்துவிட்டுப் போனாள்.