எல்லோருக்கும் வந்த படம்

சங்கராபுரம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் சந்தியாவுக்கு,

அன்னை எழுதுவது. உன் செல்பேசி அணைந்து கிடக்கிறது. நாங்கள் நேரில் வந்தால் விடுதியை விட்டே போய்விடுவேன் என்று நீ சொன்னதாகக் காப்பாளர் அம்மையார் தெரிவித்தார். ஆதலால் வராமல், இக்கடிதத்தை அவர் முகவரிக்கு அனுப்புகிறேன்.

உன் முகத்தை வேறொரு பெண்ணின் உடலோடு ஒட்டி அந்தக் கடன் செயலிக்காரர்கள் பரப்பிய படம் எனக்கும் வந்தது. நம் மகளிர் குழுவினர் அனைவருக்கும் வந்தது. ஆகவே, எங்களுக்குத் தெரிந்துவிடுமோ என்று இனி நீ அஞ்ச வேண்டியதில்லை.

விடுதிக் கட்டணத்துக்கு வாங்கியதை நீ அடைத்த பின்னரும் மிரட்டுகிறார்கள் என்பதை அப்போது நாங்கள் அறிந்திருக்கவில்லை. குழுவில் ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்கள் சேர்ந்து கட்டுவது நம் வழக்கம் அல்லவா? இதையும் அவ்வாறே கருதி, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அனுப்பிவிட்டோம். 'நிலுவை தீர்ந்தது, படத்தை நீக்கி ரசீது அனுப்புக' என்று நானே எழுதினேன். அன்று மாலையே இரு மடங்கு கேட்டார்கள்.

ஹயாத் பாஷாவின் செல்பேசிக் கடையில் அமரும் அவர் மகள் மஹ்ஜபீன்தான், "கட்டக் கட்ட ஜாஸ்தியாதான் கேப்பானுங்க அக்கா, நிறுத்துங்க" என்று தடுத்து, இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழைத்துக் கொடுத்தாள். மறுநாள் கள்ளக்குறிச்சி சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு யாரும் அறியாமல் செல்லப் புறப்பட்டேன். பேருந்து நிறுத்தத்தில் குழுவே நின்றது. கொளஞ்சியம்மாள், "பணம் கட்டறதுக்கு மட்டுந்தான் குழுவா? எங்களை வூட்ல வுட்டுட்டு நீ மட்டும் இன்னாத்துக்குப் போற? ஏறும்மா" என்றாள். ஏறினேன்.

அங்கிருந்த பெண் அதிகாரி, "தப்பு உங்க பொண்ணு மேல இல்லீங்க" என்று இருமுறை கூறினார். நாங்கள் அனுப்பிய தொகை மீளும் என உறுதி கூற இயலாது என்றார், போகட்டும். உன் வாக்குமூலம் தேவைப்படுகிறது. வந்த மிரட்டல்களை அழித்துவிடாதே.

உன் தந்தையார் மரவள்ளி பிடுங்கும் வேலையில் இருக்கிறார். அவருக்கும் அந்தப் படம் வந்தது. என்னவென்று அறிந்து, திறவாமலே வைத்திருக்கிறார். "எம் பொண்ணு சாப்டுக்கினு இருக்குதான்னு மட்டும் கேட்டு எழுது" என்றார்.

பேசும் திடம் இல்லையெனில் பேச வேண்டாம். காப்பாளர் அம்மையாரின் செல்பேசியிலிருந்து ஒரே ஒருமுறை மணியடித்து நிறுத்திவிடு. நீ வரச் சொன்னதாகவே கொண்டு புறப்படுவோம். குழுவும் வரும், தடுத்துப் பார்த்தேன், கேட்பதாக இல்லை.

நீ பல்லாண்டு வாழ வேண்டும். கடிதத்தை முடிக்கும் சம்பிரதாயத்துக்காக இதை எழுதவில்லை, சந்தியா.

உன் அழைப்புக்குக் காத்திருக்கும் அன்னை,
செந்தமிழ்ச்செல்வி