உன் வலைப்பூவின் நான்கு வாசகர்கள்

கிள்ளான்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள தாமரைக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், மழை நாளில் மட்டும் அப்பாவுக்கு முழங்கால் வலி வந்து போகிறது, கேட்டால் இல்லை என்பார். அந்தக் குளிரில் உனக்கு உடம்புக்கு ஒன்றும் வரக்கூடாது என்று தினமும் மாரியம்மனைக் கேட்டுக்கொள்கிறேன். பிரிக்ஃபீல்ட்ஸில் தன் அம்மா வீட்டுக்கு லீவில் வந்திருக்கும் உன் தோழி ஜனகா ஞாயிற்றுக்கிழமை கனடா திரும்புகிறாள், அவள் கையில் கறித்தூள், எலுமிச்சை ஊறுகாய், முறுக்கு எல்லாம் கொடுத்தனுப்புகிறேன், இந்தக் கடிதம் முறுக்கு டின்னுக்குள் இருக்கும். பார்சல் வரும்வரை வலைப்பூவை மூடாதே என்று போனில் கெஞ்சினேனே, அதற்குக் காரணம் இதில் இருக்கிறது. ஜனகாவைத் திட்டாதே, அவளுக்கு எல்லாம் தெரியும், வாயைத் திறக்கக் கூடாது என்று நான்தான் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

“யாரோ என் பிளாக்குக்குள்ள பூந்துட்டாங்கம்மா, எப்படியும் நாலு பேருதான் படிக்கிறாங்க, இழுத்து மூடிடப் போறேன்” என்று சொன்னாயே, பூந்தது நான்தான். தீபாவளிக்கு வந்தபோது உன் போனில் சார்ஜ் இல்லை என்று என் போனில் ஒரு பதிவு போட்டாய், உன் வலைப்பூ அதில் அப்படியே திறந்து கிடந்தது. இரண்டு வருஷமாக வியாழக்கிழமை வேலை முடிந்து வந்து நீ எழுதுவாய், இங்கே வெள்ளிக்கிழமை காலை விளக்கேற்றிவிட்டுக் காப்பியோடு உட்கார்ந்து நான் படிப்பேன். காய்ச்சலில்கூட ஒரு வாரம் தவறவிட்டதில்லை நீ. கடைசிப் பதிவு, கீழ்வீட்டு நாய் பனியில் சறுக்கிக் காலை ஒடித்துக்கொண்டது என்பதோடு நிற்கிறது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. முதல் வாரம் வேலை அதிகம் என்று நினைத்தேன், இரண்டாம் வாரம் ஏதோ சோம்பல் என்று நினைத்தேன், மூன்றாம் வாரம் எனக்குக் காப்பி இறங்கவில்லை. நாலாம் வாரம் நானே உன் பெயரில் எழுதிவிட்டேன், சார்டின் சம்பல் செய்வது எப்படி என்று. அதை எழுத மூன்று மணி நேரம் ஆனது தாமரை, நீ வாராவாரம் எப்படி எழுதினாயோ.

ஆனால் புத்திசாலித்தனமாக எழுதியதாக நினைத்துக்கொண்டு, இன்று வெள்ளிக்கிழமை, தலைக்குக் குளித்து விளக்கேற்றினேன் என்று ஆரம்பித்திருக்கிறேன். உன் ஊரில் அப்போது வியாழன் சாயங்காலம். “இங்க இன்னும் வியாழக்கிழமைதானே லா” என்று அங்கிருந்த ஜனகா பதிவுக்குக் கீழே கேட்டிருந்தாள். அடுத்த வாரம் உஷாராக வியாழன் என்றே போட்டேன், கூடவே நாலு மணி மழையில் கொடியில் காய்ந்த துணியெல்லாம் நனைந்துவிட்டது என்றும் எழுதிவிட்டேன். வாசல்வரை பனி குவிந்து கிடக்கும் ஊரில் யார் துணி காயப்போடுவார்கள் என்று ஜனகா நேரில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. நீ ஏறும் பஸ், சாக்ஸைத் தின்னும் வாஷிங் மெஷின், லைப்ரரியில் தூங்கும் கிழவர் எல்லாம் எனக்குத் தெரியும், நீ எழுதியதால் தெரியும். இந்த ஏழு வாரத்தில் உன்னைப் பற்றி ஒரு வரி தெரியாது. போனில் சாப்பிட்டியா என்கிறேன், சாப்பிட்டேன் என்கிறாய், அதோடு சரி. பொய்யாக எழுதக்கூட என்னிடம் ஒன்றும் இல்லை என்று தெரிந்தபோது அழுதுவிட்டேன். இதை உன்னிடம் மறைக்க விருப்பமில்லை.

நாலு பேர் என்று அலட்சியமாகச் சொன்னாயே, அது யார் யார் என்று யோசித்தாயா. நான் ஒன்று, ஜனகா ஒன்று. மூன்றாவது ஆள் ஜெஞ்சாரோமில் இருக்கும் தம்புசாமி அங்கிள், அப்பாவோடு துறைமுகத்தில் வேலை செய்தவர். ஆஸ்திரேலியாவில் இருக்கும் தன் பையன் ஒன்றும் எழுதுவதில்லையாம், “அதனால உங்க பொண்ணு எழுதறதப் படிச்சிக்கிறேன்மா” என்று போன் பண்ணிச் சொன்னார், ஏன் நின்றுபோனது என்றும் கேட்டார். நாலாவது ஆள் யார் என்றுதான் தெரியவில்லை. அப்பாவுக்கு இதெல்லாம் ஆகாது என்று உனக்கே தெரியும், நான் படித்துக் காட்டப் போனால் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார்.

பெரிய விஷயம் கிடைக்கட்டும் என்று காத்திருக்காதே. பஸ் லேட் என்று எழுது, சோறு குழைந்துவிட்டது என்று எழுது, ஒரு வரி போதும். பாஸ்வேர்டை மாற்றிக்கொள், என்னிடம் சொல்லாதே, எனக்குக் கை சும்மா இருக்காது. ஊறுகாய் பாட்டிலில் ஈரக் கரண்டி போடாதே. ஆத்தா உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும், நூறு வயது இரு.

வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருக்கும்
உன் அம்மா,
அமுதவள்ளி

பின்குறிப்பு: டின்னை மூடப் போகும்போது அப்பா பக்கத்தில் வந்து நின்றார். “அந்த நாய்க்குக் கால் சரியாயிருச்சான்னு கேட்டு எழுது” என்றார். நாயைப் பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.